ஹைப்ரிடா, வெறும் பெட்ரோலா: ஓசூருக்கு ஒரு கணக்கு, தர்மபுரிக்கு ஒரு கணக்கு

தர்மபுரியில் இருக்கும் என் மச்சான் ஒருநாள் ராத்திரி போன் செய்து, "மாமா, ஹைப்ரிட் எடுத்தா நாலே வருஷத்துல பெட்ரோல்லயே காசு திரும்பிடுதாம், ஷோரூம்ல தாள்ல எழுதியே குடுத்துட்டாங்க" என்றான். தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஹைப்ரிடுக்குப் போட்டிருந்தது கம்பெனி சொல்லும் மைலேஜ், லிட்டருக்கு 27.97. பெட்ரோல் வண்டிக்குப் போட்டிருந்தது 12, அதாவது டவுன் நெரிசலில் கிடைப்பது. ஓட்டம் வருஷத்துக்கு 20,000 கிலோமீட்டர் என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். மச்சான் வண்டி வருஷத்துக்கு எட்டாயிரம் ஓடினாலே பெரிது. வட்டி என்ற வார்த்தையே அந்தத் தாளில் இல்லை.

எதிர்ப்பக்கமும் ஒன்றும் யோக்கியமில்லை. டீக்கடையில் "ஹைப்ரிடா? அஞ்சு லட்சம் தண்டம்" என்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், சன்ரூஃப், 360 டிகிரி கேமரா எல்லாம் வைத்த ஹைப்ரிடை எடுத்து, கீழ் வேரியன்ட் மேனுவல் பெட்ரோலோடு கழித்திருப்பார்கள். இரண்டு பேர் கழித்தலும் தப்பில்லை, கழிக்க எடுத்துக்கொண்ட எண்கள்தான் தப்பு.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எங்கள் வீட்டுக்காக முழுசாகப் போட்ட கணக்கு இது. உங்கள் எண்களை வைத்து நீங்களும் போடலாம், ஒரு நோட்டும் போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும்.

முதல் வேலை: நிஜ ஹைப்ரிடா என்று பாருங்கள்

வண்டியின் பின்னால் ஹைப்ரிட் என்று ஒட்டியிருப்பதெல்லாம் ஒன்றல்ல. மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் எர்டிகா, பிரெஸ்ஸா போன்ற வண்டிகளில் வந்தது, அது மைல்ட் ஹைப்ரிட். சின்ன பேட்டரி, நின்ற இன்ஜினைச் சட்டென்று கிளப்பும், வேகமெடுக்கும்போது லேசாகத் தள்ளிவிடும், அவ்வளவுதான். மோட்டார் மட்டுமே வண்டியை ஓட்டாது. இந்தக் கணக்கில் அதை பெட்ரோல் வண்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் பேசப்போவது ஸ்ட்ராங் ஹைப்ரிட், மோட்டார் மட்டுமே கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டும் வகை. 2022-ல் வந்த டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, ஹோண்டா சிட்டியின் ஹைப்ரிட், அப்புறம் இன்னோவா ஹைகிராஸ், அதே வண்டி மாருதி பெயரில் வரும் இன்விக்டோ. இதெல்லாம் ப்ளக்கில் சார்ஜ் போடுகிற வண்டி இல்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகப் போகிற சக்தியும் இன்ஜினும் சேர்ந்து பேட்டரியை நிரப்பும். மெதுவாகப் போகும்போதும் நிற்கும்போதும் பெரும்பாலும் இன்ஜின் அணைந்துகிடக்கும். காசு மிச்சமாவதே அந்த அணைந்துகிடக்கும் நேரத்தில்தான். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், கடைசிவரை வேலைக்கு வரும்.

இரண்டாவது: ஜோடி சேருங்கள்

இப்போது வரும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் எதிலும் கிளட்ச் மிதி கிடையாது, எல்லாம் ஆட்டோமேட்டிக். ஆகவே பெட்ரோல் பக்கமும் ஆட்டோமேட்டிக்தான் நிற்க வேண்டும். மேனுவலோடு ஒப்பிட்டால் ஆட்டோமேட்டிக் சொகுசுக்கான லட்சத்தையும் ஹைப்ரிட் தலையில் கட்டுகிறீர்கள். எனக்கு மேனுவலே போதும் என்று நீங்கள் உறுதியாக இருந்தால் அது வேறு, அப்போது மேனுவலோடே ஒப்பிடுங்கள், நீங்கள் வாங்கப்போகும் இன்னொரு வண்டி எதுவோ அதுதான் ஜோடி.

வேரியன்டும் அப்படித்தான். ஹைப்ரிட் பெரும்பாலும் மேல் வேரியன்ட்களில்தான் வருகிறது. பெட்ரோலில் அதே வசதிகள் உள்ள வேரியன்டைத் தேடிப் பக்கத்தில் வையுங்கள். கொஞ்சம் கூடக்குறைய இருந்தால், அந்த வசதிக்கு நீங்கள் தனியாகக் காசு கொடுப்பீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெண்டிலேட்டட் சீட் இல்லாமல் இத்தனை வருஷம் ஓட்டியவருக்கு அதன் மதிப்பு சைபர். மே மாத வெயிலில் காவேரிப்பட்டணம் சுற்றி வருபவருக்கு சைபர் இல்லை.

மூன்றாவது: விலை வித்தியாசம் ஷோரூம் வாசலில் முடிவதில்லை

பழைய யூடியூப் வீடியோக்களை இதற்கு நம்பாதீர்கள். 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் இந்த அளவு ஹைப்ரிடுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம், அதே அளவு பெட்ரோல் வண்டிக்கு 45 அல்லது அதற்கும் மேல். இப்போது செஸ் போய்விட்டது, நான்கு மீட்டருக்கு மேல் நீளமான இந்த வண்டிகளுக்கு இரண்டு பக்கமும் 40 தான். ஹைப்ரிடுக்கு முன்பு வரியில் இருந்த சின்னச் சலுகை இப்போது இல்லை. இன்றைய விலைப்பட்டியலை டீலரிடம் கேட்டு வாங்குங்கள்.

அதற்கு மேல் நம் மாநில சாலை வரி. 2023 நவம்பரில் ஏற்றியபிறகு 5 லட்சம்வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம்வரை 13, 10 முதல் 20 லட்சம்வரை 18, 20-ஐத் தாண்டினால் 20. டிஎன் 24 ஆனாலும் 29 ஆனாலும் ஓசூரின் 70 ஆனாலும் இதுதான். இதில் பலர் கவனிக்காதது, 20 லட்சத்தைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மட்டுமில்லை, மொத்த விலைக்குமே 20 சதவீதம். பெரிய வண்டி ஒன்றின் பெட்ரோல் வேரியன்ட் 19,50,000, ஹைப்ரிட் 26,00,000 என்று வைத்தால் வரி 3,51,000, 5,20,000. வரியிலேயே 1,69,000 வித்தியாசம்.

நம் கணக்குக்கு நடுத்தர எஸ்யூவி ஒன்றை எடுப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கொட்டேஷனைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஷோரூம் விலை: 14,50,000
ஹைப்ரிட்: 16,80,000
வித்தியாசம்: 2,30,000
அதற்கு 18 சதவீத சாலை வரி: 41,400
முதல் வருஷ இன்சூரன்ஸில் கூடுதல், சுமாராக: 6,000
ஆன்ரோடு வித்தியாசம்: 2,77,400

இன்சூரன்ஸில் ஒரு சின்னக் குறிப்பு. தேர்ட் பார்ட்டி பிரீமியத்தில் ஹைப்ரிடுக்கு 7.5 சதவீதத் தள்ளுபடி 2022-லிருந்து இருக்கிறது. 1500 சிசிக்குள் மூன்று வருஷ பிரீமியமே பத்தாயிரம் சொச்சம்தான் என்பதால் கிடைப்பது சில நூறு ரூபாய். பில்லில் கழித்திருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பத்து லட்சத்துக்கு மேல் போனால் பிடிக்கும் 1 சதவீத டிசிஎஸ்ஸை (விற்பவர் முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி) செலவில் சேர்க்காதீர்கள், அது உங்கள் பான் கணக்கில் ஏறும், வருமான வரி தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம் அல்லது திரும்ப வாங்கலாம்.

நான்காவது: மைலேஜ், உங்கள் ரோட்டில்

இங்கேதான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். கம்பெனி மைலேஜ் ஆய்வுக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுப்பது. கிராண்ட் விட்டாரா அறிமுகமானபோது ஹைப்ரிடுக்கு 27.97, ஆட்டோமேட்டிக் பெட்ரோலுக்கு 20.58 என்றார்கள். இரண்டும் ஒரே சோதனை என்பதால் ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஆனால் உங்கள் ரூபாயை அதில் கணக்கிட முடியாது.

தெரிந்தவர் யாரிடமாவது இதே வண்டி இருந்தால் கேளுங்கள், டிஸ்ப்ளேயில் காட்டுவதைக் கேட்காதீர்கள். டேங்க் ஃபுல் போட்டு, பம்ப் தானாக நின்றதும் விட்டு, டிரிப் மீட்டரைச் சைபராக்கி ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் அதே மாதிரி ஃபுல் போட்டு, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்தால்தான் எண் நிலைக்கும். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் பழைய எண்களும் வேண்டாம்.

நம் பக்கத்தில் இன்னொரு சூதும் உண்டு. ஓசூர் மேட்டில் இருக்கிறது, கிருஷ்ணகிரியைவிட சில நூறு மீட்டர் உயரம். சூளகிரி வழியாகப் போகும்போது வண்டி ஏறிக்கொண்டே போகும், திரும்பும்போது இறங்கிக்கொண்டே வரும். "பெங்களூர்ல இருந்து வந்தேன், இருபத்தெட்டு குடுத்துச்சு" என்று ஒருவர் சொன்னால், "போறப்ப எவ்வளவுங்க?" என்று கேளுங்கள். போக வர இரண்டும் சேர்ந்த எண்தான் எண்.

44-ம் எண் நெடுஞ்சாலையில் கிருஷ்ணகிரி டோலைத் தாண்டி 90-ல் ஒரே சீராக தர்மபுரி போகும்போது ஹைப்ரிடுக்குப் பெரிய வேலை இல்லை. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மிச்சம் இருக்கும், ஆனால் பெங்களூர் நெரிசலில் கிடைப்பதுபோல இருக்காது. அத்திப்பள்ளி தாண்டி சந்தாபுரா, பொம்மசந்திரா என்று நகர்ந்து நகர்ந்து நிற்கிற அந்த ஒரு மணி நேரத்தில் நிலைமை தலைகீழ். ஏசி போட்டு நின்றுகொண்டிருக்கும் பெட்ரோல் வண்டி நகராமலேயே மணிக்கு முக்கால் லிட்டர், ஒரு லிட்டர் குடிக்கும். ஹைப்ரிடில் ஏசி பேட்டரியில் ஓடும், இன்ஜின் அவ்வப்போது எழுந்து சார்ஜ் ஏற்றிவிட்டுப் படுத்துவிடும்.

தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பேட்டரி நிரம்பி பெட்ரோல் அப்படியே மிச்சமாகும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. ஆளோடு சேர்த்து 1,600 கிலோ எடையுள்ள வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் கிடைக்கும் சக்தி அதிகபட்சம் 0.44 யூனிட், நம் கரண்ட் பில் யூனிட்தான். ஹைரைடர் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 0.76 யூனிட், அதையும் முழுசாகக் காலிசெய்து முழுசாக நிரப்ப வண்டி விடாது. நீள இறக்கத்தில் அது சீக்கிரமே நிரம்பிவிடும், அதற்குப் பிறகு இன்ஜின் பிரேக்தான். தொப்பூரில் கியரை B-யில் (இன்ஜின் பிரேக் நிலை, பார்க்கிங்கின் P இல்லை) போட்டு இறங்குங்கள், மைலேஜுக்காக இல்லை, பிரேக்குக்காக.

ஐந்தாவது: மைலேஜை லிட்டராக மாற்றுங்கள்

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற எண் கண்ணை ஏமாற்றும். 12-லிருந்து 15 ஆனால் மூன்று கூடுதல், 20-லிருந்து 25 ஆனால் ஐந்து கூடுதல், எது லாபம்? நூறு கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று திருப்பிப் போடுங்கள். முதலாவதில் 8.33 லிட்டர் 6.67 ஆகிறது, 1.67 லிட்டர் மிச்சம். இரண்டாவதில் 5 லிட்டர் 4 ஆகிறது, ஒரு லிட்டர்தான் மிச்சம். ஏற்கெனவே நல்ல மைலேஜ் கொடுக்கிற ரோட்டில் ஓட்டுபவருக்கு ஹைப்ரிட் ஏன் பெரிதாக மிச்சம் பிடிக்காது என்பது இதில் இருக்கிறது.

ஆறாவது: வட்டி, இன்சூரன்ஸ், மறுவிற்பனை

கூடுதல் 2,77,400-ஐ லோனில் எடுத்தால், 9 சதவீதம், ஐந்து வருஷம், மாதத் தவணை 5,758 ரூபாய். மொத்த வட்டி 68,100. கையில் காசு கொடுத்து வாங்குகிறேன் என்பவர்கள், அந்தப் பணம் வங்கியில் கிடந்தால் வந்திருக்கும் வட்டியைப் போடுங்கள், வட்டியே இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.

எட்டு வருஷம் வைத்திருப்பதாகக் கொள்வோம். ஹைப்ரிட் பேட்டரிக்கு இந்தக் கம்பெனிகள் கொடுக்கும் வாரன்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அது. எட்டு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் கூடுதல், முதல் வருஷத்து 6,000-ஐயும் சேர்த்து, மொத்தமாக 25,000 என்று வைக்கிறேன். வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும்.

ஆக 2,30,000, 41,400, 68,100, 25,000. கூட்டினால் 3,64,500 ரூபாய். ஹைப்ரிட் எட்டு வருஷத்தில் திருப்பித் தரவேண்டிய கடன் இது.

மறுவிற்பனையில் ஹைப்ரிடுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம். 30 சதவீதம் நின்றால்கூட 2,30,000-க்கு 69,000 திரும்பும். ஆனால் எட்டு வருஷப் பழைய ஹைப்ரிடுக்கு சேலத்திலோ ஓசூரிலோ புரோக்கர் என்ன விலை சொல்வார் என்பதை நம்பிக் கடன் வாங்குவதில் எனக்கு விருப்பமில்லை. அதனால் முதல் சுற்றில் சைபர் என்றே போடுகிறேன்.

சர்வீஸ் செலவில் பெரிய வித்தியாசம் வைக்கவில்லை. பிரேக் பேட் ஹைப்ரிடில் மெதுவாகத் தேயும். ஒன்று மட்டும் விசாரியுங்கள், உங்கள் ஊர் சர்வீஸ் சென்டரில் ஹைப்ரிட் பயிற்சி பெற்ற மெக்கானிக் இருக்கிறாரா, இல்லை ஒவ்வொரு கோளாறுக்கும் வண்டி ஓசூருக்கோ சேலத்துக்கோ போக வேண்டுமா. போக வேண்டுமென்றால் அந்த நாளும் பெட்ரோலும் செலவுதான்.

ஏழாவது: மூன்று பேர், மூன்று விடை

பெட்ரோல் லிட்டர் 102 என்று வைக்கிறேன். மைலேஜ் நான் எடுத்துக்கொண்ட எண்கள்.

ஓசூரில் குடியிருந்து தினமும் எலெக்ட்ரானிக் சிட்டி போய்வருபவர், வருஷம் 18,000 கிலோமீட்டர், பெரும்பாலும் நெரிசல். பெட்ரோல் 12, ஹைப்ரிட் 21. 1,500 லிட்டர் குடிக்க வேண்டிய இடத்தில் 857 லிட்டர். வருஷத்துக்கு சுமார் 65,500 ரூபாய் மிச்சம். ஐந்தரை வருஷத்தில் கடன் தீர்ந்துவிடும், எட்டு வருஷ முடிவில் கையில் 1,60,000 நிற்கும். ஓட்டமும் 1,44,000-தான், பேட்டரி வாரன்டிக்குள். இவர் யோசிக்கவே வேண்டாம்.

என் மச்சான், தர்மபுரி. ஸ்கூல், மார்க்கெட், பென்னாகரத்தில் மாமியார் வீடு, மாதம் ஒருமுறை சேலம். வருஷம் 8,000. பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 16, ஹைப்ரிட் 21. 500 லிட்டருக்குப் பதில் 381. மிச்சம் வருஷத்துக்கு 12,100 ரூபாய். எட்டு வருஷத்துக்கு 97,000. திருப்ப வேண்டியதோ 3,64,500. மறுவிற்பனை 69,000-ஐச் சேர்த்துக்கொண்டாலும் இரண்டு லட்சம் குறைகிறது.

மூன்றாவது ஆள்தான் சுவாரசியம். கிருஷ்ணகிரி மாங்காய் வியாபாரி ஒருவர், சீசனில் சந்தூர், போச்சம்பள்ளி தோப்புகள், மற்ற மாதங்களில் சென்னை, பெங்களூர் என்று நெடுஞ்சாலையிலேயே இருப்பவர். வருஷம் 30,000. அதே 16, 21. மிச்சம் 446 லிட்டர், வருஷத்துக்கு 45,536 ரூபாய். எட்டு வருஷத்துக்கு 3,64,286. கடன் 3,64,500. இருநூற்றுச் சொச்ச ரூபாய் வித்தியாசம், வேண்டுமென்றே போட்டால்கூட இப்படிப் பொருந்தாது.

ஆனால் இவர் வண்டி எட்டு வருஷத்தில் 2,40,000 ஓடியிருக்கும். பேட்டரி வாரன்டி 1,60,000-ல், அதாவது ஐந்து வருஷம் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். பேட்டரி உடனே போய்விடும் என்று அர்த்தமில்லை, இந்த பேட்டரிகள் நிறைய நாள் தாங்கும்படி கட்டப்பட்டவைதான். ஆனால் மீதி 80,000 கிலோமீட்டருக்கு ரிஸ்க் அவருடையது. வாங்கும்போதே புது பேட்டரி விலை, மாட்டும் கூலியோடு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கி, அதில் ஒரு பங்கைச் செலவில் வைக்க வேண்டும். வைத்தால் தராசு பெட்ரோல் பக்கம் லேசாகச் சாயும். அவர் போகும் இடங்களில் நெரிசல் எவ்வளவு என்பதைப் பொறுத்து மறுபடி ஹைப்ரிட் பக்கமும் சாயலாம்.

உங்கள் ஊர், உங்கள் ஓட்டம் இந்த மூன்றுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். கணக்குப் போட்டு முடித்தபிறகு இரண்டு எண்களை மட்டும் ஆட்டிப் பாருங்கள், வருஷ ஓட்டத்தையும் நெரிசல் பங்கையும். பெட்ரோல் பத்து ரூபாய் ஏறுவதைவிட இந்த இரண்டும்தான் விடையைப் புரட்டும்.

கணக்கில் வராத சில

டிக்கியைத் திறந்து பாருங்கள். கிராண்ட் விட்டாரா, ஹைரைடரில் ஹைப்ரிட் பேட்டரி பின்பக்கம் உட்கார்ந்திருப்பதால் பெட்ரோல் வண்டியைவிட இடம் குறைவு. நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை, செந்தூராவும் அல்போன்சாவும் பெட்டி பெட்டியாகச் சொந்தக்காரர்களுக்குப் போகும் மாதங்களில் குறிப்பாக. பேட்டரியைக் குளிர்விக்கக் காற்று உள்ளே போகும் சல்லடை மாதிரியான திறப்பு ஒன்று பின்சீட் பக்கம் இருக்கும், அதன்மேல் பையைச் சாய்த்து வைக்கக் கூடாது, கிரானைட் லாரி ஓடும் மண் ரோட்டில் தினம் போகிறவர்கள் சர்வீஸில் அதைச் சுத்தம் செய்யச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அப்புறம் அந்த அமைதி. சிக்னலில் நிற்கும்போது சத்தமே இல்லாமல் இருப்பது, நகரும்போதும் சத்தமில்லாமல் நகர்வது. அதற்கு நீங்கள் காசு கொடுக்கத் தயார் என்றால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் நோட்டில் "ஆசை" என்று தனி வரியாக எழுதுங்கள், "மிச்சம்" என்ற வரியில் எழுதாதீர்கள்.

மச்சானிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அப்ப மேனுவலே எடுத்துடவா மாமா?" என்றான். அதற்கும் போட்டேன். மேனுவல் அவன் ரோட்டில் 18 கொடுத்தால் வருஷத்துக்கு 444 லிட்டர், ஆட்டோமேட்டிக்கைவிட 56 லிட்டர் குறைவு, வாங்கும் விலையும் குறைவு. தங்கச்சிக்கும் ஓட்டக் கற்றுத்தர வேண்டும் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன், அதை நினைத்து ஆட்டோமேட்டிக் பெட்ரோலையே புக் செய்தான். டெலிவரி எடுக்கும் நாளில் டிக்கியில் மாம்பழப் பெட்டி வைத்துப் பார்த்தோம். நான்கு தாராளமாகப் போனது, ஐந்தாவதுக்குப் பின்சீட்டைப் பாதி மடக்க வேண்டியிருந்தது.